தலைப்பக்கம் உயரும் கட்டில்

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சர் போட்டிருந்தார்: வீட்டில் வேண்டாமென்று கிடக்கும் பொருட்களை வைத்துப் பிள்ளைகள் ஏதாவது செய்து திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். அம்மாக்கள் செய்து கொடுக்கக் கூடாது என்று கீழே தனியாக ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கை படாமல் இந்த ஊரில் எந்தப் பிள்ளை எதைச் செய்து கொண்டுபோயிருக்கிறது?

வேண்டாத பொருளுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. என் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்த அறையைக் காலிசெய்து நான் கட்டிவைத்த சாக்குகள் பின்பக்க வராந்தாவில் இருந்தன. பஞ்சாயத்திலிருந்து பிளாஸ்டிக் எடுக்க வரும் பெண்களிடம் கொடுப்பதற்காகக் கட்டிவைத்தது. அவர்கள் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. மருந்துப் பெட்டிகளையும் காலிக் குப்பிகளையும் வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்?

அவர் வயரிங் வேலைக்காரர். காஞ்சிரங்குளம் பக்கம் ஒரு மாடி வீட்டில் வேலை செய்யும்போது ஏணியோடு விழுந்தார். கழுத்தும் முதுகும் போயிற்று. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். குரல் காற்றுப்போலத்தான் வரும். பக்கத்தில் நின்றால் கேட்கும், அடுத்த அறையில் கேட்காது. அதனால் கட்டிலோரம் ஒரு எவர்சில்வர் தம்ளரும் கரண்டியும் வைத்திருந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவார். சமையலறையில் குக்கர் விசிலடிக்கும்போது அவர் தட்டினால் எனக்குக் கோபம் வரும். "வாறேன், வாறேன்" என்று கத்துவேன். மகள் எனக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பாள்.

அந்தக் கட்டில் எங்களுடையது அல்ல. படுக்கை நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் ஏற்பாடு செய்து கொடுத்தது. கால்மாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும், அதைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். புண் வராமலிருக்கக் காற்று மெத்தையும் தந்தார்கள். அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் அடுத்த நோயாளிக்கு வேண்டுமென்று வண்டி வந்தது. "சேச்சி, கட்டில் எடுக்கட்டே?" என்று வண்டியில் வந்தவர்கள் வாசலில் நின்று தயங்கிக் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள். எடுக்காதீர்கள் என்று எந்த நியாயத்தில் சொல்வேன்? எடுத்துக்கொண்டு போனார்கள். சிமென்ட் தரையில் கட்டில் கால்களின் நான்கு தடம் இன்னும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

அவர் இறந்தது ஒரு சனிக்கிழமை. பாறசாலைக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். மகள் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை அவரோடு விட்டுப்போவது எங்கள் வீட்டில் வழக்கம்தான். அவருக்கு இவள் துணை, இவளுக்கு அவர் துணை. நான் திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். கரண்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. இருதயம் நின்றுவிட்டது, ஒரு நொடி வேலை என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து மகள் அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறையில் எல்லோரும் அழ, இவள் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றாள். சபையிலிருந்து ஜெபிக்க வந்த பெண்கள், "பிள்ளைக்கு விவரம் தெரியாதாக்கும். ஒரு வகைக்கு அது நல்லதுதான், கேட்டியா?" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு டீ குடித்தார்கள். விவரம் தெரியாத பிள்ளையா? நர்ஸ் வருவதற்கு முன்பே கையுறையை எடுத்து வைக்கிற பிள்ளை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஒருமுறை வாய்விட்டு அழுதுவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் டீச்சரின் செய்தி வந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"எனக்கு பொம்மைக்கு கட்டிலு மதி," என்றாள். கட்டில் போதுமாம். பாதி மலையாளம்தான் எப்போதும்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பிள்ளை விளையாட்டுக்குத் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். யூடியூபில் தேடி ஒரு வீடியோ காட்டினேன். செருப்புப் பெட்டியில் செய்த கட்டில், ரோஸ் நிறத் துணி, சுற்றிலும் லேஸ். "பாரு மக்கா, எப்பிடி சேலா இருக்கு!"

அவள் முழுவதும் பார்த்துவிட்டு, "இதுக்குத் தலப்பக்கம் பொங்காதே," என்றாள். உயராதாம்.

பிறகு அவளே சாக்கை அவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து இருவரும் தரையில் உட்கார்ந்து செய்தோம். டயப்பர் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி இரண்டு துண்டாக்கி, நடுவில் புண்ணுக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரால் இணைத்தோம். மடங்கியது. ஒடிந்த குடைக்கம்பியை வளைத்துக் கைப்பிடியாக்கி அடியில் செருகினேன். சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது, என்னையும் மீறி "ஆ!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

இரண்டு பக்கமும் விழாமலிருக்க, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கில் கம்பி. மெத்தைக்குப் பஞ்சு வைக்கலாம் என்றேன். வேண்டாம் என்று பார்சலில் வந்த, குமிழ் குமிழாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் தாளை எடுத்து வந்தாள். "பஞ்சுல கெடந்தா புண்ணு வரும்." விரிப்புக்கு அவருடைய பாலராமபுரம் கைத்தறி முண்டு. மற்றதையெல்லாம் அவருக்கு அடியில் விரிக்கக் கிழித்தாயிற்று. மிச்சமிருந்த ஒன்றை நான் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கொடுக்க மனமில்லை. ஆனாலும் கரையோடு சேர்த்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

பொம்மையைப் படுக்கவைத்தாள். ஒரு கண் மூடாத பொம்மை. தோளையும் இடுப்பையும் பிடித்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்த மாதிரியே, பைய ஒருக்களித்து வைத்தாள். எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் என் தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்திருந்தாள். பொம்மையின் கைப்பக்கம் ஒரு மருந்துக் குப்பியின் தகர மூடி ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் என் தலை ஸ்லைடு ஒன்று. ஸ்லைடின் ஒரு முனையில் நூலைக் கட்டி, மறுமுனையை ஈர்க்கில் கம்பியில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சின்மேல் முடிச்சு. பல்லால் கடித்து இறுக்கினாள்.

"இனி விழாதுல்லா அம்மா?"

"விழாது மக்கா."

"அப்பாக்க கரண்டி கீழ கெடந்துது." தலை நிமிராமல்தான் சொன்னாள். "நான் டிவி சத்தத்தக் கொறச்சுத்தான் வெச்சிருந்தேன்."

இத்தனை நாளும் இதைத்தான் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது என் பிள்ளை. இருதயம் நின்றது அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒனக்குக் கேக்காமப் போகல்ல மக்கா. அப்பா தட்டவே இல்ல. ஒரு நொடியில எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாருல்லா? தட்டுறதுக்கு அப்பாக்கு நேரமே கெடைக்கல்ல."

அவள் அழவில்லை. கை மட்டும் அந்த ஸ்லைடைத் தொட்டுத் தொட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. நூல் நன்றாகத்தான் பிடித்திருந்தது.

"அப்ப கரண்டி எப்பிடி கீழ விழுந்துது?"

அந்தக் கேள்வியை நானும் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.