வாசல் பக்கத்துப் பத்து வரிசை

சூரியமின் நிலையத்தில் தகடு கழுவுவது பெரியக்காவின் வேலை. எட்டு வருடமாக அந்த வெயிலில் வெந்தவள். அன்றும் காலையெல்லாம் முதுகொடியக் கழுவிய வாசல் பக்கத்துப் பத்து வரிசைகளை, நண்பகலில் பொறியாளர் நிறுத்திவிட்டார்.

"மத்தியானம் தேவைக்கு மேல கரண்ட் வருதுக்கா. சேத்து வைக்க பேட்டரி இல்ல."

"பொழுது சாஞ்சா எங்க தெருவே இருட்டுல கிடக்குதே சார்?"

"அப்ப வெயில் இருக்காதே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தினமும் இந்தப் பத்தைத்தானே நிறுத்துறீங்க? அப்புறம் எந்த எழவுக்குத் தினமும் கழுவச் சொல்றீங்க?"

"பார்க்க வர்றவங்க கண்ணுல முதல்ல படுறது இதுதான்க்கா."

பெரியக்கா கழுவும் துடைப்பானை அவர் காலடியில் வீசினாள்.

"அவங்களை ஏழு மணிக்கு எங்க தெருவுக்கும் கூட்டிட்டு வாங்க சார். கண்ணுல என்ன படுதுன்னு பார்ப்போம்!"