பின்னணியில் ஓடிய அப்டேட்டர்

யாரும் தொடாத கணினியின் விசிறி திடீரென்று இரைய ஆரம்பித்தால் இன்றைக்கும் கைவேலையைப் போட்டுவிட்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். கணினி பழுது பார்க்கிறவனுக்கு இப்படியொரு பயமா என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த இரைச்சலை முதலில் கவனித்தது நானில்லை, பண்டமாரான் என்ற ஊரில் துறைமுகச் சரக்குகளுக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்த அக்கா ஒருவர். தன் ஊரான பந்திங்கிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து தினமும் கதவைத் திறப்பவர் அவர்தான். இருபது வருடமாக அப்படி. மற்றவர்கள் வருவதற்கு முன் அலுவலகத்தில் எது வழக்கமான சத்தம், எது புதுசு என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நான் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாரம் ஒருமுறை போய் அங்குள்ள கணினிகளைச் சரிபார்த்துவிட்டு வருவேன்.

"தம்பி, மூணு நாளா நான் கை வைக்கிறதுக்கு முன்னாடியே இது கெடந்து ஓடுது" என்றார் ஒருநாள்.

"பேய் கீய் பூந்திருச்சா அக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைத் திறந்தேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மென்பொருளின் அப்டேட்டர் என்று பெயர் போட்டிருந்தது. "அப்டேட் லா அக்கா. அது பாட்டுக்குப் பின்னாடி ஓடும், விட்டுருங்க."

"பேரை யாரு வேணும்னாலும் வச்சுக்கலாமே. நல்லதுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். பெயரின் மேல் வலது கிளிக் செய்து, கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருக்கிறதா, அது செல்லுமா என்று பார்க்க வேண்டும். பின்னணியில் ஓடும் அப்டேட்டர்களில் பெரும்பாலானவை ஒரு பாவமும் அறியாதவை, மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான் வருகின்றன. அந்த நம்பிக்கையில்தான் எனக்கு மெத்தனம் வந்துவிட்டது. பூச்சோங்கில் இன்னொரு வாடிக்கையாளர் காத்திருந்தார். "அடுத்த வாரம் காட்டுறேன்க்கா" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள், அக்காவின் பெயரில் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் வைரஸ் வைத்த மின்னஞ்சல்கள் போயிருந்தன. என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். அந்த அப்டேட்டர் மென்பொருளின் ஃபோல்டரில் இல்லாமல் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது, கையொப்பமே இல்லை, போலி. இது எப்படி உள்ளே வந்தது என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"எதையாவது கிளிக் பண்ணியிருப்பாங்க பாஸ்" என்றேன் நான்.

"நான்தான் போன வாரமே இவர்கிட்ட காட்டுனேனே" என்றார் அக்கா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. "எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

பழி அக்காவின் மேல் விழுந்தது. மாதக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை, இன்னும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். எந்த அப்டேட்டரைக் கண்டாலும், நல்லதென்று தெரிந்தாலும், ஃபோல்டரையும் கையொப்பத்தையும் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன். பார்த்து முடித்த பிறகும் யாரோ பின்னால் நின்று அந்தப் பழைய கேள்விக்குப் பதிலை எதிர்பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் என்னை ரொம்பக் கவனமான ஆள் என்கிறார்கள். அதைக் கேட்கும்போது வெட்கமாக இருக்கும்.

போன மாதம் பந்திங்கில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"காட்டுறேன்னு சொன்னீங்களே."

காட்டினேன். பட்டியல், வலது கிளிக், ஃபோல்டர், கையொப்பம். எல்லாம் சரியாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தானும் செய்து பார்த்தார்.

"ஞாபகம் இல்லன்னு நான் சொன்னது பொய்க்கா" என்றேன்.

"தெரியும்" என்றார். லேப்டாப்பை மெதுவாக மூடினார். "இதைக் காட்ட ரெண்டு நிமிஷம்கூட ஆகலயே தம்பி."