சைக்கிள் ஸ்டாண்டு வரை குணம்

முத்திரை மையின் வாசனை வந்தால் இன்றும் எனக்குக் கை கூசும். தபால் நிலையத்தில் யாராவது அந்தத் தகர மைப்பெட்டியைத் திறந்தால் போதும். எண்பதுகளில் தருமபுரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பதிவேட்டு எழுத்தராக இருந்த விரல்கள் திரும்பி வந்துவிடும், நுனியெல்லாம் ஊதாவாக.

நோயாளி வெளியேறும்போது கடைசிக் கட்டத்தில் ஒரு முத்திரை குத்த வேண்டும். என் மேசையில் இருந்தவை இரண்டே: 'குணம்', 'இறப்பு'. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிள் ஸ்டாண்டு வரை தன் காலால் நடந்து போனால் குணம். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், குத்துவேன். வருடக் கடைசியில் அவற்றைக் கூட்டி மேலே அனுப்புவோம். யாருக்கு என்ன உதவி தேவை என்று மேலே இருப்பவர்கள் அந்தக் கூட்டலைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

பாலக்கோட்டில் கரும்பு லோடு ஏற்றும்போது டிராக்டரிலிருந்து தலைகுப்புற விழுந்தவருக்கும் அப்படித்தான் 'குணம்' குத்தினேன். மறு வருடம் அவருடைய மனைவி ஊனச் சான்றிதழ் கேட்டு அவரை அழைத்து வந்தார். அது இல்லாமல் உதவித்தொகைக்கு மனுவே போட முடியாது.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார்; தூக்கினார். நடக்கச் சொன்னார், நடந்தார். பெயர் கேட்டதற்கு அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"என்னம்மா குறை? என்னைவிட நல்லா நடக்கிறாரு."

"கால்ல ஒண்ணும் இல்லீங்க. காலைல என்ன சாப்ட்டாருன்னு கேளுங்க."

டாக்டர் கேட்டார். கணவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் சாப்புடலீங்க."

"பஸ் ஸ்டாண்டுல நாலு இட்லி தின்னாருங்க, அரமணி ஆவல. அடுப்பப் பத்த வெச்சுட்டு காட்டுக்குப் போயிடறாரு. வூடு ரெண்டு தடவ எரியப் பாத்துச்சு. நான் வேலைக்குப் போனா இவர யாருங்க பாக்கறது? போவாட்டி எதத் திங்கறது?"

டாக்டர் படிவத்தைக் காட்டினார். கண், காது, கை, கால். ஞாபகத்துக்குக் கட்டம் இல்லை. பிறகு என் பதிவேட்டைப் பிரித்தார்.

"பாரும்மா, கவர்மெண்ட் ரெக்கார்டே குணம்னு சொல்லுது."

சொன்னது கவர்மெண்ட் இல்லை, நான். ஜன்னலிலிருந்து இருபதடி தூரம் பார்த்த நான். அந்த இருபதடிக்கு அப்பால் எத்தனை வீடுகளில் எத்தனை அடுப்புகள் அணையாமல் எரிந்தனவோ, அத்தனைக்கும் மேல் என் ஊதாக் குணம் உட்கார்ந்திருந்தது. தலையில் அடிபட்டவர்களை ஒரு வருடம் கழித்துக் கார்டு போட்டு விசாரிப்போம், இன்னொரு கட்டம் சேர்ப்போம் என்று அந்த வாரமே மேலே எழுதினேன். "உமக்குச் சம்பளம் குத்தறதுக்கு, கேக்கறதுக்கு இல்ல" என்றார் தலைமை எழுத்தர். மேலிருந்து பதில் வரவேயில்லை. கணக்கில் இல்லாதவர்களுக்கு எப்படித் திட்டம் போடுவார்கள்? அப்படி யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததே நாங்கள்தானே.

சான்றிதழ் கிடைக்காமல் திரும்பிய அன்று அந்தக் கணவன் மனைவியோடு பஸ் நிற்கும் இடம் வரை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்; பஸ் நேரத்தை விசாரித்தேன். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"சர்டிபிகேட் வாங்கிட்டமுங்களா சார்?"

அவர் முதுகில் கை வைத்து மேலே ஏற்றியபடி அந்த அம்மாள் சொன்னார்:

"வாங்கியாச்சு, ஏறுங்க."