மரத்த கால்

ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் யாராவது அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். போர் வெற்றி அணிவகுப்பில் தளபதியைச் சுமந்து வரும் வெள்ளைக் குதிரை. அந்தக் காலத்தில் காலண்டர்களில்கூட வந்த படம். 'நம்ம பெரம்பலூர் டாக்டர் வைத்தியம் பார்த்த குதிரை' என்று கீழே எழுதியிருக்கும். நன்றி என்று பதில் போடுவேன். இந்த வருடம் போட முடியவில்லை. அரியலூர் போய், அங்கிருந்து திருமழபாடி பஸ் ஏறினேன்.

அந்தக் குதிரையைப் பராமரித்தவர் அந்த ஊர்க்காரர். ராணுவத்தில் நான் கால்நடை மருத்துவன். அணிவகுப்பு அன்று காலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

"முன்னங்காலு கொதிக்குது சார். தொட்டுப் பாருங்க. இன்னைக்கு இது வேணாம்."

தொட்டேன். எலும்பில் விரிசல் இருக்கலாம் என்று தெரிந்தது. தளபதி அந்தக் குதிரையைத்தான் கேட்டிருந்தார். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. குதிரைக்காரரைச் சேணம் எடுத்துவர அனுப்பிவிட்டு, கால் மரத்துப்போக ஊசி போட்டேன். வலி தெரியாமல் குதிரை வழி முழுக்க அழகாக நடந்தது. படம் அப்போது எடுத்ததுதான். சாயங்காலம் அதனால் நிற்க முடியவில்லை. எலும்பு பிளந்துவிட்டது. அப்போதே குதிரைக்காரரைக் காவலில் வைத்தார்கள்.

விசாரணையில், டாக்டரிடம் சொன்னேன் என்றார் அவர். சொல்லவில்லை என்றேன் நான். என்னை நம்பினார்கள். அவரை வேலையை விட்டே அனுப்பினார்கள்.

இத்தனை வருடம் கழித்து அவர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊசி போட்ட எடத்துல முடி நறுக்கியிருந்துச்சு. அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார். "இந்த வயசுல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்களே சார், ஒங்க காலுக்கும் ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதைச் சுட்டுக் கொன்னப்ப நான் உள்ள கெடந்தேன். தலைய யாரு புடிச்சிருந்தா? ஆளு மாறுனா மெரளும் அது."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாரும் புடிக்கலைங்க. தூண்ல கட்டிட்டோம். வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"பஸ் வந்துடும் சார். கெளம்புங்க."