துரை விட்டுப்போன நாற்காலி

அப்பா வாங்கியபோது அதை வீடு என்று சொன்னவர் அப்பா ஒருவர்தான். பேச்சிப்பாறைக் கால்வாய் ஓரத்தில், கொல்லாமரங்களுக்கு நடுவே, பாதிக் கூரையோடு நின்றது அது. முந்திரி மரத்தை எங்கள் பக்கம் கொல்லாமரம் என்போம். முன்பு குடியிருந்தவர்கள் எதையோ பார்த்துப் பயந்து விட்டுப்போனதாக ஊரில் பேச்சு இருந்தது. அதனால் விலை குறைவு. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரான அப்பா, கிறிஸ்துவை நம்பும் வேதக்காரர்கள் பேய்க்குப் பயப்படக் கூடாது என்று சொல்லி அதை வாங்கிப்போட்டார். மலிவு என்பதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். உண்மையில் அந்த வீட்டில் இருந்த ஒரே பிசாசு சிதல்தான். கறையானுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர்.

வீட்டைப் பழுதுபார்க்க அப்பா அவசரப்படவில்லை. ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்தால் போதும் என்பது அவர் கட்சி. அக்காவுக்கு அஞ்சுகிராமத்திலிருந்து சம்பந்தம் வந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. பலசரக்குக் கடை, நிலம், பனை என்று வசதியான குடும்பம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, பெரியப்பா வைத்ததுதான் சட்டம். பெண் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர் முன்கூட்டியே தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார். அக்கா அப்போதுதான் பெண்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தாள். காலையில் வேலைக்குப் போவதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட இன்னொரு ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

"நான் வேலைய விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

"ஏட்டி, மொதல்ல அவுங்க வந்து பாக்கட்டும். பொறவு பேசுவோம்" என்றாள் அம்மா. பொறவு என்பது எங்கள் வீட்டில் ஒருபோதும் வராத நாள்.

மனதில் என்ன இருந்ததோ, வேலையில் அக்கா குறை வைக்கவில்லை. சிப்பிச் சுண்ணாம்பை அம்மாவோடு சேர்ந்து அரைத்துச் சுவரில் பூசினாள். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் குழைத்துத் தரையில் இழுத்து, குனிந்து பார்த்தால் முகம் தெரியும் வரை கூழாங்கல்லால் தேய்த்தாள். முட்டையின் வெள்ளையைத் தரைக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளை மட்டும் நாங்கள் தின்றோம். வாசற்படிக்கு மயிலாடியிலிருந்து அப்பா ஒரு கல் கொண்டுவந்தார். யாரோ ஒரு சிற்பி சிங்கம் செதுக்கத் தொடங்கி, முகம் கழுதைபோல வந்துவிட்டதால் கைவிட்ட கல் அது. முகத்தை மண்ணுக்குள் புதைத்து முதுகை மேலே வைத்தோம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சிங்கத்தை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும் என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

உட்காரத்தான் ஒன்றும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க அம்மாவின் தம்பியான எங்கள் மாமா வந்து சேர்ந்தார். தெரியாத வேலை என்று ஒன்று அவருக்குக் கிடையாது, ஒழுங்காக முடித்த வேலை என்றும் ஒன்று கிடையாது. மிஷன் பங்களாவில் இருக்கிற துரை சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விடுவது வழக்கம். எங்கள் பக்கத்து வாத்தியார்கள் வீட்டில் மேசை நாற்காலி இருந்தால், அது எந்தத் துரை விட்டுப்போனது என்று ஊரே சொல்லிவிடும். மாமா போய்ச் சேருவதற்குள் நல்லதெல்லாம் போய்விட்டது. யாரும் கேட்காமல் கிடந்த ஒரு பெரிய சாய்வு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பிரம்பு கிழிந்து, கால்களைச் சிதல் தின்று, கைகள் மட்டும் துடுப்புபோல நீண்டு கிடந்தன.

"ஏலே, இதில எவன் இரிப்பான்?" என்று கேட்டாள் அம்மா.

"சம்பந்தக்காரராக்கும் இரிக்கப்போறாரு" என்றார் மாமா.

பிரம்பு இருந்த இடத்தில் அயனிப் பலகையை அடித்தார். அரம்போலச் சொரசொரக்கும் பேயத்தி இலையால் பழைய வார்னிஷை அக்கா தேய்த்து எடுத்தாள். அதற்கு மேல்தான் கொல்லாங்கொட்டை எண்ணெய். கொட்டையின் தோட்டைச் சுட்டால் கறுப்பாக வடியும் அந்த எண்ணெயைப் பூசிய மரத்தில் சிதல் ஏறாது. ஆனால் அது நன்றாகக் காய்வதற்கு முன் மனிதத் தோலில் பட்டால், உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துப் பொள்ளிக் கொப்புளமாகிவிடும். அதைத் தொடுகிறவர்கள் முதலில் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். மாமாவும் அக்காவும் அப்படித் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள்.

"மக்கா, பக்கத்தில வராத. தொட்டா கை பொள்ளிப்போவும், கேட்டியா?" என்று மாமா என்னை விரட்டினார்.

வழக்கமாகக் காலுக்கும் அடிப்பாகத்துக்கும் பூசிவிட்டு நிறுத்துவார்கள். அந்தக் கறுப்பின் பளபளப்பைப் பார்த்து மாமாவுக்குக் கை நிற்கவில்லை. பலகை, சாய்மானம், நீண்ட கைகள் எல்லாவற்றிலும் பூசித் தள்ளினார். நாற்காலி அசல் ஈட்டி மரம்போல ஆகிவிட்டது. ஆனால் அது சாரல் பெய்கிற காலம், வெயிலே இல்லை. அம்மா ஒரு ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல காஞ்சமாதிரி இருக்கும், உள்ள இப்ப காயாது. ஓலப்பொரையில கெடக்கட்டும், யாரும் தொடப்பிடாது" என்றாள். நாற்காலி கொல்லையில் இருந்த ஓலைப்புரைக்குள் போயிற்று. விருந்தாளிகளைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று முடிவாயிற்று.

அவர்கள் வில்வண்டியில் வந்து இறங்கிய நாளில், நடுவீட்டில் அந்த நாற்காலி ராஜா மாதிரி வீற்றிருந்தது. சாய்மானத்தின் உச்சியில் அக்கா பின்னிய லேஸ் துணி. காய்ந்துவிட்டதென்று பார்த்து மாமா கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்று அம்மா நினைத்தாள். அம்மாதான் போடச் சொல்லியிருக்கிறாள் என்று மாமா நினைத்தார். வந்தவர்கள் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? பெரிய நாற்காலி பெரியவருக்கு என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரைக்கைச் சட்டை போட்டிருந்த பெரியப்பா நேராகப் போய் அதில் சாய்ந்து, இரண்டு கைகளையும் நீளமாக நீட்டிக்கொண்டார்.

"வாத்தியாரே, இது என்ன மரம்?"

"ஈட்டியாக்கும்" என்று அப்பாவுக்கு முந்திக்கொண்டு சொன்னார் மாமா.

"உக்காந்தா எந்திரிக்க மனசே வரல."

தரையைப் பாராட்டினார். சுவரைப் பாராட்டினார். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இந்த மாசத்தோட வேலைய விட்டுரட்டும்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளோ சிரித்த முகத்தோடு, "இன்னும் கொஞ்சம் இரியுங்கோ பெரியப்பா, சூடா ஒரு காப்பி கொண்டுவாறேன்" என்றாள். பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்ததில் அம்மா திகைத்துப் போனாள். பெரியவருக்கோ அந்த மரியாதை பிடித்துவிட்டது. இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அந்தக் கருப்பட்டிக் காப்பியை ஆற அமரக் குடித்தார். பெண் மனம் மாறிவிட்டாள் என்று அம்மா அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டொரு நாளில் தரகர் தனியாக வந்தார். பெரியவரின் கையெல்லாம் கொப்புளமாம். வாத்தியாரிடம் சொல்லக் கூடாத இடத்திலும் கொப்புளமாம். குப்புறப் படுத்துக் கிடக்கிறாராம். கிழக்கே அவர்கள் இருந்தது பனங்காடு. கொல்லாங்கொட்டை எண்ணெயின் குணம் அங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டைப் பற்றிய பழைய பேச்சு மட்டும் எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பம், பேய்க்குப் பயந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விலையைக் குறைத்துத் தந்த பேய் மாப்பிள்ளையையும் கொண்டுபோய்விட்டதே என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

பழி மாமாவின் தலையில் விழுந்தது. கொண்டுபோட்டது தான் அல்ல என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா அதை எடுத்துச் சொல்வாள். அவரும் கேக்கைத் தின்றபடி தலையைக் குனிந்துகொள்வார். பாவம், போகப்போக அவரே தான்தான் போட்டதாக நம்பத் தொடங்கிவிட்டார்.

கோடை வெயிலில் நாற்காலி கல்லாகக் காய்ந்தது. அதன்பிறகு யாரையும் அது ஒன்றும் செய்யவில்லை, சிதலும் அதன் பக்கம் தலைவைக்கவில்லை. அக்கா வேலையை விடவே இல்லை. அதே பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆன பிறகும் சாயங்காலங்களில் அந்த நாற்காலியில்தான் சாய்ந்துகொள்வாள்.

கல்யாணம் நின்றதற்காக அந்த வீட்டில் அழுதது நான் ஒருத்திதான். அக்கா எவ்வளவு ஆசையோடு அன்று தயாரானாள் என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன் அல்லவா? அன்று காலை, சேலை மாற்றுவதற்கு முன், ஓலைப்புரைப் பக்கமிருந்து அவள் வந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் மினுங்கியது.

"இவ்வளவு எண்ணெய் எதுக்குக்கா?"

"கை வறண்டுபோச்சு மக்கா."

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கை அழகாக இருக்க வேண்டுமே என்று நினைத்து, நானும் கொஞ்சம் எடுத்து என் கைகளில் தடவிக்கொண்டேன்.