முருகன் முன்னால் வைத்த ஷூ

முருகனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகள் வள்ளிக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. சொந்த ஊர் திருநெல்வேலி. கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்குச் சின்ன மளிகைக் கடை. முருகன் அருளால் மருந்து வேலை செய்தது, நோய் அடங்கியது. ஆனால் அதே மருந்து கால் நரம்புகளைப் பாதித்துவிட்டது. பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்தாள், விழுந்தாள். பிறகு பயந்துபோய் உட்கார்ந்தே விட்டாள். நான் நொறுங்கிப் போனேன். "உயிரைக் கொடுத்தாயே முருகா, காலையும் கொடு" என்று சஷ்டிதோறும் விரதமிருந்து அழுதேன்.

மருத்துவமனையில் நடைப் பயிற்சி கொடுக்கும் மௌஷுமி தீதி (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கொடுத்தார். அதை ஷூவுக்குள் வைத்துத்தான் போட வேண்டும். மாதங்கள் போயும் முன்னேற்றம் இல்லை. ஒருநாள் அவர் வள்ளியிடமே, வீட்டில் எவ்வளவு நேரம் போடுகிறாய் என்று பெங்காலியில் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள்.

"வீட்டுக்குள்ள யாராச்சும் ஷூ போடுவாங்களா தீதி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை நாள் முழுக்க இருப்பதே வீட்டில்தான். வாசலில் செருப்பைக் கழற்றும் நாங்கள், அவள் ஷூவையும் அங்கேயே கழற்றி வைத்திருந்தோம். எங்களில் யாருக்கும் அது தவறாகத் தோன்றவே இல்லை.

இனி வீட்டுக்குள்ளும் ஷூ போட வேண்டும் என்று கணவரிடம் சொல்லப் பயம். செருப்புக் காலோடு வந்தால் கலெக்டரையே வாசலோடு திருப்பி அனுப்புகிற மனிதர். "இவர் மனசை நீதான் இளக்கணும்" என்று முருகனை வேண்டிக்கொண்டு சொன்னேன். அவர் உடனே வெளியே போனார். புது ஷூவோடு வந்து, அதைப் பூஜை அறையில் முருகன் படத்துக்கு முன் வைத்து விபூதி இட்டார்.

"இது செருப்பு இல்லட்டி, மருந்து. மருந்துக்கு ஏது தீட்டு? போட்டு விடு."

நான் கேட்டதற்கு முருகன் அன்றே பதில் சொல்லிவிட்டான் என்று நம்புகிறேன்.

பிறகு வீடெங்கும் டக் டக் சத்தம். தினமும் பயிற்சி, அழுகை, பிடிவாதம், சமாதானத்துக்கு ஜால்முரி என்கிற காரப்பொரி. துர்கா பூஜை விடுமுறையில் ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. என் கையெல்லாம் மாவு. கணவர் உள்ளேதான் இருக்கிறார், திறப்பார் என்று மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். கதவு திறந்தது, அவர் குரலோ வெளியிலிருந்து கேட்டது.

"ஏட்டி, ஓடி வா! கதவத் திறந்தது யாருன்னு பாரு!"

சுவரைக்கூடப் பிடிக்காமல் நின்றிருந்தாள் என் வள்ளி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மனம் தளராதீர்கள். வேலவனிடம் முறையிடுங்கள், பயிற்சியையும் விடாதீர்கள். அவன் கைவிட மாட்டான். இப்போது சோற்றுக் கிண்ணத்தோடு அவள் பின்னால் ஓடி எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.