செல்வம் அண்ணனின் பிரெஞ்சு

நாலந்தாவுக்குப் போகும் வழியில், வீதியோர வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் நிற்கிறேன். பிரெஞ்சில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். காதால் கேட்டே பிரெஞ்சு பழகிய வழிகாட்டிகளின் பேச்சுதான் என் ஆய்வு.

இந்தத் தோட்டத்து வழிகாட்டி செல்வம் அண்ணன் ஏலக்காயை உடைத்து, பிரெஞ்சுப் பயணிகளிடம் அதன் பெயரைத் தப்பாகச் சொல்கிறார். தலை நரைத்த அம்மா ஒருவர் திருத்துகிறார். பள்ளிப்பிள்ளை மாதிரி அண்ணன் திருப்பிச் சொல்ல, எல்லோரும் சிரித்தபடி அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். நான் குறிப்பேட்டில் பிரெஞ்சில் ‘பிழை’ என்று எழுதுகிறேன். போன வருஷம் பதிவு செய்ததிலும் இதே பிழைதான்.

வேன் போனதும் கேட்கிறேன். “அண்ணே, அந்த ஒரு சொல்லு மட்டும் ஏன் மனசில நிக்க மாட்டேங்குது?”

“நல்லா நிக்குது மிஸ். சரியாச் சொன்னா தலையாட்டிட்டு வேன்ல ஏறிடுவாங்க. திருத்த விட்டா, நின்னு பேசுவாங்க.”

என் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பே ‘பிழைகள்’. இரண்டு வருஷ உழைப்பு.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் குரலைத் தாழ்த்துகிறார். “உங்க புத்தகத்தில இத எழுதிடாதீங்க மிஸ். பிரெஞ்சுக்காரங்களும் படிப்பாங்கல்ல?”

தலையாட்டுகிறேன். குறிப்பேட்டில் ‘பிழை’யை மட்டும் அடித்துவிட்டு, அண்ணன் சொன்னதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்.